எஸ். எஸ். பிள்ளையின் கணித ஆய்வு வெளியீடுகள்

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (ஏப்ரல் 5, 1901 – ஆகஸ்ட் 31, 1950) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதவியலர் ஆவார். எஸ். எஸ். பிள்ளை என்னும் பெயரால் பரவலாக அறியப்படும் இவர், இன்றைய தென்காசி மாவட்டத்தில் குற்றாலத்திற்கு அருகிலுள்ள வல்லம் என்னும் ஊரில் பிறந்தவர். எண் கோட்பாடே இவருடைய ஆய்வுத்துறை. வாரிங் சிக்கலில் ஆறாம் அடுக்குக்குரிய எண் 73 என 1940-இல் நிறுவியது இவருடைய தலைசிறந்த சாதனையாகக் கருதப்படுகிறது.

இக்கட்டுரை பிள்ளையின் ஆய்வு வெளியீடுகளையும், அவை பிற்காலக் கணிதத்தில் மேற்கோளாக எடுத்தாளப்பட்ட முறையையும் விளக்குகிறது. இவருடைய கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்திய இதழ்களில் வெளிவந்தன. அவற்றில் எழுப்பப்பட்ட வினாக்கள் பலவற்றுக்கு விடைகளும் தொடர்ச்சிகளும் நாற்பது முதல் எழுபது ஆண்டுகள் கழித்தே வந்தன. ஓர் ஆய்வாளரின் பணியை அவருடைய கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் முறை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதற்குப் பிள்ளையின் வெளியீடுகள் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றன.

வாழ்க்கைச் சுருக்கம்

பிள்ளையின் தந்தை சுப்பையா பிள்ளை. தாய் கோமதி அம்மாள். பிள்ளை குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்தார். பிள்ளை செங்கோட்டையில் நடுநிலைப் பள்ளியில் பயின்றார். மாணவப் பருவத்திலேயே தந்தையையும் இழந்த இவருக்கு, இவருடைய திறமையை அறிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் உதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. 1956-இல்தான் தமிழ்நாட்டுடன் இணைக்கப்பட்டது. வல்லம் உள்ளிட்ட பகுதி திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019-இல் பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் இப்போது அடங்கும்.

நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பையும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இளங்கலைப் படிப்பையும் பிள்ளை முடித்தார். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து பேராசிரியர் கே. ஆனந்த ராவிடம் பயின்றார். 1929-இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். அங்கு 1941 வரை பணியாற்றிய காலமே இவருடைய ஆய்வு வாழ்வில் மிகுந்த விளைச்சல் தந்த காலமாகும். சென்னைப் பல்கலைக்கழகம் இவருக்கு டி.எஸ்சி. பட்டம் அளித்தது. பின்னர்ச் சிறிது காலம் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும், 1942 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தார்.

1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர்கல்வி ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய அழைப்பு வந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டு நடைபெற்ற உலகக் கணிதவியலர் பேராயத்திலும் இவர் கலந்துகொள்ளவிருந்தார். ஆகஸ்ட் 31, 1950 அன்று, பம்பாயிலிருந்து கெய்ரோ வழியாக நியூயார்க் செல்லும் டி.டபிள்யூ.ஏ. 903 என்னும் வானூர்தி கெய்ரோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் எகிப்தியப் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். பிள்ளையும் அவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது 49.

வெளியிட்ட இதழ்கள்

பிள்ளையின் கட்டுரைகள் வெளிவந்த இதழ்களுள் முதன்மையானவை நான்கு. அவை இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழ், அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழ், சர் சி. வி. இராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கைகள், கல்கத்தாக் கணிதவியல் கழகத்தின் அறிக்கை என்பனவாகும். வெளிநாட்டு இதழ்களில் இவர் எழுதியது குறைவே. சர்வதமன் சாவ்லாவுடன் இணைந்து எழுதி 1930-இல் இலண்டன் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளியான கட்டுரை அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

இந்தியக் கணிதவியல் கழகம் 1907-இல் தோன்றியது. இராமானுசனின் முதற் கட்டுரை 1911-இல் இக்கழகத்தின் இதழில்தான் வெளிவந்தது. எனவே இவ்விதழை வெளிநாட்டு எண் கோட்பாட்டாளர்களும் ஓரளவு அறிந்திருந்தனர். பல்கலைக்கழக இதழ்களின் நிலை வேறு. அவை சில நூலகங்களுக்கு மட்டுமே சென்றன. பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் வெளியிட்ட முடிவுகளைப் படிக்க விரும்பிய வெளிநாட்டு ஆய்வாளர் அவற்றை எளிதில் பெற முடியாத சூழல் நிலவியது.

வாரிங் சிக்கல்

ஆங்கிலேயக் கணிதவியலர் எட்வர்டு வாரிங் 1770-இல் ஒரு கூற்றை வெளியிட்டார். எந்த நேர் முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவும், ஒன்பது கனங்களின் கூட்டுத்தொகையாகவும், பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாகவும் எழுதலாம் என்பதே அது. உயர் அடுக்குகளுக்கும் இவ்வாறு ஒரு வரம்பு உண்டு என அவர் கருதினார். ஆனால் அவர் நிறுவல் தரவில்லை. நான்கு வர்க்கங்கள் போதும் என்பதை அதே 1770-இல் லாகிராஞ்சி நிறுவினார். எல்லா அடுக்குகளுக்கும் வரம்பு உண்டு என்பதை 1909-இல் டேவிட் ஹில்பர்ட் நிறுவினார். அவ்வரம்பின் சரியான மதிப்பு என்ன என்பது அதன் பின்னும் வினாவாகவே இருந்தது. இம்மதிப்பு இங்கு வாரிங் எண் எனக் குறிக்கப்படுகிறது.

வாரிங் எண் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை எளிதாகக் காணலாம். ஆறாம் அடுக்கை எடுத்துக்கொண்டால், 2⁶ = 64; 3⁶ = 729. எனவே 729-க்குக் குறைந்த எந்த எண்ணையும் 1, 64 ஆகிய இரண்டை மட்டுமே கொண்டு அமைக்க இயலும். 703 என்னும் எண்ணுக்கு 64 பத்து முறையும் 1 அறுபத்து மூன்று முறையும் தேவை. ஆக மொத்தம் 73. எனவே ஆறாம் அடுக்குக்குரிய வாரிங் எண் 73-க்குக் குறைய முடியாது. இதே வழியில் பிற அடுக்குகளுக்கும் ஒரு கீழ் வரம்பு கிடைக்கும். 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, 3/2-ஐ அதே அடுக்குக்கு உயர்த்தி வரும் எண்ணின் முழுஎண் பகுதியைக் கூட்டி, 2-ஐக் கழித்தால் அவ்வரம்பு கிடைக்கும். இதன்படி கனத்திற்கு 9, நான்காம் அடுக்கிற்கு 19, ஐந்தாம் அடுக்கிற்கு 37, ஏழாம் அடுக்கிற்கு 143 என வரும். இவ்வளவு போதுமா என்பதே கடினமான பகுதி.

முந்துரிமை

1930-களில் சோவியத்து கணிதவியலர் இவான் வினோகிராதோவ் உருவாக்கிய முறை இச்சிக்கலுக்குப் புதிய வழி திறந்தது. அம்முறையைக் கொண்டு, ஒரு குறிப்பிட்ட நிபந்தனை நிறைவேறும் உயர் அடுக்குகளுக்கெல்லாம் மேற்கண்ட கீழ் வரம்பே சரியான மதிப்பு எனப் பிள்ளை 1935–36 ஆண்டுகளில் நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில் சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லெனார்டு டிக்சனும் ஏழும் அதற்கு மேற்பட்டதுமான அடுக்குகளுக்கு இதே முடிவை அடைந்தார். இருவரும் ஒருவர் பணியை மற்றவர் சாராமல் தனித்தனியே செய்தனர். பிள்ளையின் முடிவு டிக்சனுடையதைச் சற்று முந்தியது என இவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அப்போது டிக்சன் அறுபது வயதைக் கடந்த, உலகப் புகழ் பெற்ற கணிதவியலர். எண் கோட்பாட்டின் வரலாற்றை மூன்று தொகுதிகளில் எழுதியவர். அவருடைய கட்டுரைகள் அமெரிக்க இதழ்களில் வெளிவந்து உடனே பரவின. பிள்ளையோ சிதம்பரத்தில் தொடங்கி ஏழாண்டுகூட நிறையாத ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர். இருவர் பெயரும் இம்முடிவோடு இன்று சேர்த்தே வழங்கப்படுகின்றன. ஹார்டியும் ரைட்டும் எழுதிய புகழ்பெற்ற எண் கோட்பாட்டு நூல், டிக்சன், பிள்ளை, ருபுகுண்டே, நிவன் ஆகிய நால்வரையும் இத்தீர்வோடு இணைத்துக் குறிப்பிடுகிறது.

நிறுவலில் இடம்பெறும் நிபந்தனை எல்லா அடுக்குகளுக்கும் நிறைவேறுமா என்பது இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. நிபந்தனை பொய்க்கும் அடுக்குகள் இருந்தாலும் அவை முடிவுள்ள எண்ணிக்கையினவே எனக் குர்ட் மாலர் 1957-இல் காட்டினார். 47,16,00,000 வரையிலான அடுக்குகளுக்கு நிபந்தனை நிறைவேறுகிறது எனக் கணினி கொண்டு 1990-இல் சரிபார்க்கப்பட்டது.

ஆறாம் அடுக்கு

டிக்சனின் முடிவு ஏழாம் அடுக்கிலிருந்து தொடங்கியது. அடுக்கு குறையக் குறைய, எண்ணை அமைக்கக் கிடைக்கும் உறுப்புகளின் எண்ணிக்கையும் குறைவதால் பகுமுறை வழிகள் வலுவிழக்கின்றன. ஆகவே நான்கு, ஐந்து, ஆறு ஆகிய அடுக்குகள் தனிச் சிக்கல்களாக எஞ்சின. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் எனப் பிள்ளை நிறுவிய கட்டுரை 1940-இல் இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கைகளில் வெளியானது. மிகப் பெரிய எண்களுக்குப் பகுமுறையும், சிறிய எண்களுக்கு நேரடிக் கணக்கீடும் தேவைப்பட்ட பணி இது. கணினிகள் இல்லாத காலத்தில் செய்து முடிக்கப்பட்டது.

எஞ்சிய இரண்டு அடுக்குகளுக்கும் விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீனக் கணிதவியலர் சென் சிங்ருன் 1964-இல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்பதைச் சென்னையைச் சேர்ந்த இரா. பாலசுப்பிரமணியன், பிரெஞ்சுக் கணிதவியலர்களான தெசூயே, திரெஸ் ஆகியோருடன் இணைந்து 1986-இல் நிறுவினார். கனத்திற்குரிய 9 என்னும் மதிப்பு வீஃபரிச், கெம்ப்னர் ஆகியோரால் 1912-க்குள் நிறுவப்பட்டிருந்தது. வாரிங் எண்களின் அட்டவணையில் 6 என்னும் வரிசைக்கு எதிரே பிள்ளையின் பெயரும் 1940 என்னும் ஆண்டும் தவறாது இடம்பெறுகின்றன.

அடுக்குகளின் வேறுபாடு

பிள்ளையின் கட்டுரைகளுள் பிற்கால ஆய்வை மிகுதியாகத் தூண்டியவை அடுக்குகளின் வேறுபாடு பற்றியவை ஆகும். 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்பன போல ஒரு முழு எண்ணின் வர்க்கமாகவோ கனமாகவோ உயர் அடுக்காகவோ அமையும் எண்கள் நிறை அடுக்குகள் எனப்படும். 8, 9 ஆகிய இரண்டும் அடுத்தடுத்த எண்கள். இரண்டும் நிறை அடுக்குகள். இவ்வாறு அடுத்தடுத்து வரும் வேறு இணை இல்லை என யூஜின் காத்தலான் 1844-இல் ஊகித்தார்.

பிள்ளை இவ்வினாவை விரித்தார். வேறுபாடு 1 என்பதற்குப் பதிலாக எந்த ஒரு நிலையான எண்ணை எடுத்துக்கொண்டாலும், அவ்வளவு வேறுபடும் நிறை அடுக்குகளின் இணைகள் முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என இவர் ஊகித்தார். எடுத்துக்காட்டாக, 3 என்னும் வேறுபாடு 1, 4 ஆகியவற்றுக்கு இடையிலும், 125, 128 ஆகியவற்றுக்கு இடையிலும் அமைகிறது. நிறை அடுக்குகளை ஏறுவரிசையில் எழுதினால் அவற்றுக்கு இடையிலான இடைவெளி எல்லையின்றிப் பெருகிச் செல்லும் என்பது இவ்வூகத்தின் மற்றொரு வடிவம். இது பிள்ளை ஊகம் என வழங்கப்படுகிறது.

இத்துறையில் பிள்ளையின் கட்டுரைகள் 1931, 1936, 1945 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. அடிமான எண்கள் இரண்டும் நிலையானவையாகவும் பொதுக் காரணி அற்றவையாகவும் இருக்குமாயின், வேறுபாடு போதிய அளவு பெரிதாகும்போது அதற்கு ஒரு தீர்வுக்கு மேல் இராது என 1936 கட்டுரையில் நிறுவினார். 3-இன் அடுக்குக்கும் 2-இன் அடுக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியே ஆராய்ந்து, அவ்வேறுபாடு 13-ஐ விடப் பெரிதானால் ஒரு தீர்வுக்கு மேல் இராது எனவும் ஊகித்தார். 256 − 243 = 13; 16 − 3 = 13 என்பதால் 13-க்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. இவ்வூகத்தை ஸ்ட்ரூக்கர், டைட்மன் ஆகிய டச்சுக் கணிதவியலர்கள் 1982-இல் நிறுவினர்.

காத்தலான் ஊகம் முழுமையாக நிறுவப்பட்டது 2002-இல் ஆகும். உருமேனியக் கணிதவியலர் பிரேடா மிகெய்லெஸ்கு அளித்த அந்நிறுவல் 2004-இல் அச்சில் வந்தது. ஆனால் அது 1 என்னும் வேறுபாட்டுக்கு மட்டுமே பொருந்தும். 2 அல்லது அதற்கு மேற்பட்ட எந்த ஒரு வேறுபாட்டுக்கும் பிள்ளை ஊகம் இன்றுவரை நிறுவப்படவில்லை. எண் கோட்பாட்டின் புகழ்பெற்ற திறந்த சிக்கல்களுள் ஒன்றாக அது விளங்குகிறது.

தொடர் முழு எண்கள்

1940 முதல் பிள்ளை வெளியிட்ட மற்றொரு கட்டுரைத் தொடர், அடுத்தடுத்து வரும் முழு எண்களைப் பற்றியது. பதினாறோ அதற்குக் குறைவாகவோ தொடர் முழு எண்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஏனைய எல்லா எண்களோடும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத ஓர் எண்ணாவது கட்டாயம் இருக்கும் என இவர் நிறுவினார். பதினேழு எண்களை எடுத்தால் இப்பண்பு தவறக்கூடும். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்கள் இதற்கு எடுத்துக்காட்டாகும். அவற்றுள் இரட்டைப்படை எண்கள் அனைத்துக்கும் 2 பொதுக் காரணி. 2189 = 11 × 199 என்பதால் அது 2200 உடன் 11-ஐப் பகிர்கிறது; 2197 = 13 × 13 × 13 என்பதால் அது 2184 உடன் 13-ஐப் பகிர்கிறது. பிற ஒற்றைப்படை எண்களுக்கும் இவ்வாறே ஒரு துணை உண்டு.

17 முதல் 430 வரையிலான நீளங்களுக்கு இப்பண்பு தவறும் தொடர்கள் உள்ளன எனப் பிள்ளை காட்டினார். 17-க்கு மேற்பட்ட எல்லா நீளங்களுக்கும் அது உண்மை என ஆல்ஃபிரட் பிரவுவர் 1941-இல் நிறுவினார். தொடர் முழு எண்களின் பெருக்கற்பலன் ஒருபோதும் நிறை அடுக்காக இராது என்னும் பழைய சிக்கலோடு இவ்வாய்வு தொடர்புடையது. அச்சிக்கலைப் பால் ஏர்டோஷும் ஜான் செல்ஃபிரிட்ஜும் 1975-இல் தீர்த்தனர்.

பிள்ளையின் பெயரால் வழங்கும் கருத்துருக்கள்

பிள்ளை ஊகம் தவிர இவர் பெயரைத் தாங்கிய வேறு சில கருத்துருக்களும் உள்ளன.

பிள்ளை சார்பு: ஓர் எண்ணுக்கும், 1 முதல் அவ்வெண் வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய மீப்பெரு பொதுக் காரணிகளைக் கூட்டினால் கிடைப்பது. 6-க்கு இது 1 + 2 + 3 + 2 + 1 + 6 = 15. 1933-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் பிள்ளை இதனை ஆராய்ந்தார். இத்தகைய கூட்டுத்தொகைகளை இத்தாலியரான எர்னெஸ்தோ செசாரோ 1880-களிலேயே கையாண்டிருந்தார். ஹங்கேரியக் கணிதவியலர் லாசுலோ டோத் 2010-இல் இச்சார்பு பற்றிய முடிவுகளைத் திரட்டி விரிவான மீள்பார்வை எழுதினார்.

பிள்ளை பகா எண்: வில்சன் தேற்றத்தின்படி, ஒரு பகா எண்ணுக்கு முந்திய எண்ணின் காரணீயத்தோடு 1-ஐக் கூட்டினால் அப்பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். வேறு எண்களின் காரணீயங்களுக்கும் சில வேளை இது நிகழும். அவ்வாறு நிகழும்போது, பகா எண்ணை அவ்வெண்ணால் வகுத்தால் மீதி 1 வருமா எனப் பிள்ளை வினவினார். மீதி 1 வராத எடுத்துக்காட்டு உள்ள பகா எண்கள் இவர் பெயரால் வழங்குகின்றன. இவற்றுள் மிகச் சிறியது 23 ஆகும். 14-இன் காரணீயத்தோடு 1-ஐக் கூட்டினால் 23-ஆல் வகுபடும். ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. தொடர்ந்து 29, 59, 61, 67, 71 ஆகியவை வருகின்றன. இத்தகைய பகா எண்கள் முடிவின்றி உள்ளன என ஏர்டோஷ், சுப்பாராவ், ஹார்டி (இராமானுசனின் நண்பர் அல்லர், பிற்காலத்தவர்) ஆகியோர் நிறுவினர்.

பிள்ளை தொடர்வரிசை: ஓர் எண்ணிலிருந்து அதற்கு மிகாத மிகப் பெரிய பகா எண்ணைக் கழித்து, மீதியிலும் அவ்வாறே செய்துகொண்டு போனால் 0 அல்லது 1-இல் முடியும். இறுதியில் வரும் 1-ஐயும் ஓர் உறுப்பாகக் கொண்டால், இரண்டு உறுப்புகள் தேவைப்படும் மிகச் சிறிய எண் 4. மூன்று உறுப்புகளுக்கு 27. நான்கு உறுப்புகளுக்கு 1354. ஐந்து உறுப்புகள் தேவைப்படும் மிகச் சிறிய எண் 401429925999155061 என்னும் பதினெட்டு இலக்க எண். 1930-இல் பிள்ளை தொடங்கிய இவ்வாய்வை ஃபுளோரியன் லூக்காவும் இரா. தங்கதுரையும் 2009-இல் தொடர்ந்தனர்.

புள்ளியியலில் வழங்கும் "பிள்ளை சுவடு" என்னும் அளவை எஸ். எஸ். பிள்ளையுடன் தொடர்புடையது அன்று. அது கே. சி. எஸ். பிள்ளை என்னும் வேறொரு அறிஞரின் பெயரால் அமைந்தது. கட்டுரைத் தரவுத்தளங்களில் குடும்பப் பெயர், முதலெழுத்து என்னும் மேலைநாட்டு முறையில் பெயர்கள் பதியப்படுவதால், பிள்ளை என்னும் பெயருடைய பலர் ஒருவராகக் கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. தேடுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

பிற பணிகள்

ஓர் எண்ணுக்குக் குறைவாக, அதனுடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பதைத் தருவது ஆய்லரின் சார்பு. இச்சார்பின் மதிப்புகளைக் கூட்டும்போது எழும் பிழை உறுப்பு எவ்வளவு சிறிதாக இருக்க முடியாது என்பதைப் பிள்ளையும் சாவ்லாவும் 1930-இல் கணித்தனர். அவர்கள் தந்த வரம்பை ஹியூ மாண்ட்கோமரி 1987-இல் மேம்படுத்தினார்.

பதின்மத்திலோ பிற அடிமானத்திலோ எழுதும்போது எல்லா இலக்கங்களும் இலக்கக் கூட்டங்களும் எதிர்பார்க்கும் விகிதத்தில் வரும் எண்கள் இயல்நிலை எண்கள் எனப்படும். எமில் போரல் இவற்றுக்கு அளித்த வரையறையில் தேவைக்கு மிஞ்சிய நிபந்தனைகள் இருந்தன. அவற்றைக் குறைத்து எளிய நிபந்தனை போதும் எனப் பிள்ளை 1940-இல் காட்டினார். இத்துறைப் பாடநூல்களில் இம்முடிவு இடம்பெறுகிறது.

மேற்கோள் அளவும் தாக்கமும்

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னர் வரும் எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன எனக் கணக்கிடும் முறையை யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் முன்மொழிந்தார். அவர் உருவாக்கிய அறிவியல் மேற்கோள் சுட்டு 1960-களில் வெளிவரத் தொடங்கியது. அப்போது பிள்ளை இறந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இதழ்களின் தரத்தைக் குறிக்கப் பரவலாகப் பயன்படும் தாக்கக் காரணி, ஓர் இதழில் முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் பெறும் மேற்கோள்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒரே எண்ணில் சுருக்கும் எச்-சுட்டெண்ணை ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்மொழிந்தார்.

மருத்துவ உயிரியல் போன்ற துறைகளில் ஆய்வாளர்கள் மிகப் பலர். புதிய முடிவுகள் விரைவில் எடுத்தாளப்பட்டு விரைவில் பழமையாகின்றன. அத்துறைகளுக்கு இரண்டாண்டுக் கணக்கு ஓரளவு பொருந்தும். கணிதத்தில் ஒரு தேற்றம் நிறுவப்பட்டபின் பழமையாவதில்லை. அதற்குத் தேவை ஏற்படும்போது எத்தனை ஆண்டுகள் கழித்தும் எடுத்தாளப்படும். பிள்ளையின் வெளியீடுகளில் இது தெளிவாகத் தெரிகிறது. 1930-ஆம் ஆண்டு வரம்பு 57 ஆண்டுகள் கழித்து மேம்படுத்தப்பட்டது. 1945-ஆம் ஆண்டு ஊகம் 37 ஆண்டுகள் கழித்து நிறுவப்பட்டது. கனடாவின் மைக்கேல் பென்னட் 2001-இல் வெளியிட்ட கட்டுரை, பிள்ளையின் அடுக்குச் சமன்பாடுகளைத் தலைப்பிலேயே இவர் பெயருடன் குறிப்பிடுகிறது. அச்சமன்பாடுகளுக்கு எந்நிலையிலும் இரண்டு தீர்வுகளுக்கு மேல் இரா என அக்கட்டுரை நிறுவியது. பிபனாச்சி எண்களுக்கும் 2-இன் அடுக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளையின் சிக்கலாக ஆராயும் கட்டுரை ஒன்று 2017-இல் வெளிவந்தது. அது வெளியான இதழ், பிள்ளை 1940-இல் எழுதிய அதே இந்திய அறிவியல் கழக நடவடிக்கைகளின் கணிதப் பிரிவாகும்.

மேற்கோள் கணக்கில் வராத தாக்கமும் உண்டு. ஒரு முடிவு பாடநூல்களுக்குள் சென்றுவிட்டால், அதன்பின் எழுதுவோர் பாடநூலைக் குறிப்பிடுவார்களே அன்றி மூலக் கட்டுரையைக் குறிப்பிட மாட்டார்கள். ஒருவர் பெயரே ஒரு கருத்துருவின் பெயராகிவிட்டால், பெயரைச் சொல்வதே போதுமென்று மூலக் கட்டுரை விடப்படும். சமூகவியலர் ராபர்ட் மெர்ட்டன் இதனை உள்வாங்கப்படுவதால் மறைதல் என விளக்கினார். பிள்ளை பகா எண்ணையும் பிள்ளை சார்பையும் கையாளும் பலர் 1930-களின் சிதம்பரத்து இதழைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பெயரை எடுத்தாளும் ஒவ்வொரு முறையும் அக்கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை கூடுவதும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எளிதில் கிடைக்காத இதழில் வெளியான முடிவு, பிறரால் மீண்டும் கண்டறியப்பட்டு அவர் பெயரில் வழங்கக்கூடும். வாரிங் சிக்கலில் பிள்ளைக்கு உரிய இடம் கிடைத்ததற்கு, அவருடைய கட்டுரைகள் ஆண்டுக் குறிப்புடன் அச்சில் இருந்ததே அடிப்படைக் காரணம் ஆகும்.

தொகுப்பு நூல்

பிள்ளையின் மறைவுக்குப் பின் கே. சந்திரசேகரன் இந்தியக் கணிதவியல் கழக இதழில் எழுதிய இரங்கல் கட்டுரை, வாரிங் சிக்கல் பற்றிய பணியை இராமானுசனுக்குப் பின் இந்தியக் கணிதம் கண்ட மிகச் சிறந்த சாதனைகளுள் ஒன்றாக மதிப்பிட்டது. ஆயினும் இவருடைய கட்டுரைகள் அறுபது ஆண்டுகள் பழைய இதழ்களில் சிதறியே கிடந்தன.

இரா. பாலசுப்பிரமணியனும் இரா. தங்கதுரையும் பதிப்பித்த பிள்ளையின் படைப்புத் தொகுப்பு, இராமானுசன் கணிதவியல் கழகத்தின் வெளியீடாக இரண்டு தொகுதிகளில் 2010-இல் வெளிவந்தது. நிறை அடுக்குகள் பற்றிய பிள்ளையின் பணியையும் அதன் பிற்கால வளர்ச்சியையும் பிரெஞ்சுக் கணிதவியலர் மிஷேல் வால்ட்ஷ்மிட் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். நான்காம் அடுக்குக்குரிய வாரிங் எண்ணைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பாலசுப்பிரமணியனே, ஆறாம் அடுக்குக்குரிய எண்ணைக் கண்டறிந்தவரின் கட்டுரைகளைத் திரட்டித் தந்தவர்களுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. இத்தொகுப்பின் வழியாக, அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் வெளியான கட்டுரைகள் உட்படப் பிள்ளையின் பணி முழுவதையும் ஆய்வாளர்களும் மாணவர்களும் ஓரிடத்தில் படிக்க முடிகிறது.